ரேடியோ லாரிக்கு வைத்த பொட்டு

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது, காது கேட்காது. இப்போது வயதாகிக் கொஞ்சம் அடங்கியிருக்கிறேன். நான் சொல்லப்போகும் வருடத்தில் எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. கல்யாணமாகி மூன்றாவது வருடம். அந்த வருடம் என் மனைவியைத் தொலைத்துவிட இருந்தேன். இரண்டடி நீளமுள்ள ஒரு பொம்மை லாரிதான் காரணம் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். லாரி பாவம், அதற்கு என்ன தெரியும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. தேனியில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். பெரும்பாலும் இரண்டாவது ஷிப்ட்தான் எனக்கு விழும். காலை நேரம் முழுக்க வீட்டில் இருப்பேன் என்று பெயர். உண்மையில் ஜன்னலோரத்து மேஜையில் இருப்பேன். மேஜைமேல் சால்டரிங் அயன், ஒரு பழைய மல்டிமீட்டர், கழற்றிப் போட்ட ரேடியோக்களின் எலும்புக்கூடுகள். மில்லில் பெரிய மோட்டார்களோடு மல்லுக்கட்டிவிட்டு, வீட்டில் அரிசி அளவுக்கு இருக்கும் சாமான்களை இடுக்கியால் பிடித்துப் பற்றவைப்பதில் எனக்கு அப்படி ஒரு கிறுக்கு.

மதுரைக்கு ஒரு வேலையாகப் போனவன், பழைய புத்தகக் கடையில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை வாங்கிவந்தேன். ரேடியோவில் ஓடும் பொம்மைக் காரின் சர்க்யூட் அதில் முழுதாக இருந்தது. கையில் ஒரு டிரான்ஸ்மிட்டர். பொத்தானை அழுத்தினால் எட்ட நிற்கும் வண்டி கிளம்பும், திரும்பும், நிற்கும். நடுவில் ஒயர் கிடையாது. நாள் முழுக்க ஒயரை இழுத்துக்கொண்டு அலைகிறவனுக்கு இது எப்பேர்ப்பட்ட விஷயம்! கார் வேண்டாம், லாரியாகச் செய்வோம் என்று முடிவுசெய்தேன். எங்கள் பக்கத்தில் லாரிக்குத்தான் மரியாதை. இதற்கெல்லாம் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று மில்லில் ஒருவர் சொன்னார். சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். அவ்வளவுதான்.

பலகையில் அடிச்சட்டம். தகரத்தில் கேபின். பின் சக்கரத்துக்கு, உடைத்த வேன் ஒன்றிலிருந்து எடுத்த வைப்பர் மோட்டார். முன் சக்கரத்தைத் திருப்ப டேப் ரெக்கார்டரின் சின்ன மோட்டாரும் ஒரு நைலான் நூலும். பாரம் ஏற்றும் இடத்தில் மோட்டார் சைக்கிள் பேட்டரி உட்கார்ந்தது. சிக்னலை வாங்கும் ரிசீவர் போர்டைக் கேபினுக்குப் பின்னால் திறந்தபடியே வைத்தேன், அடிக்கடி கை வைக்க வேண்டுமே. வண்டி முன்னால் போக ஒரு ரிலே, அதாவது சிக்னல் வந்தால் தானாக விழும் சுவிட்ச்; பின்னால் வர இன்னொரு ரிலே. டெலிபோன் கேபிள் துண்டு ஒன்று கிடைத்திருந்தது, அதைப் பிரித்தால் கலர் கலராக ஒயர். பிளஸ்ஸுக்குச் சிவப்பு, மைனஸுக்குக் கறுப்பு, சிக்னலுக்கு மஞ்சள். ஒரு ஒயரும் இன்னொன்றைக் குறுக்கே தாண்டாமல், நூலில் கட்டி, மூலைக்கு மூலை மடித்துக் கொண்டுபோனேன். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் அந்த அழகு எனக்கு வேண்டியிருந்தது.

டிரான்ஸ்மிட்டருக்கு உலோகப்பெட்டி தேவைப்பட்டது. அடுப்படி அலமாரியில் ஓர் அலுமினிய டிபன் பாக்ஸ் இருந்தது. கல்யாணத்துக்கு என் மனைவி வீட்டிலிருந்து கொண்டுவந்த சாமான்களில் ஒன்று. கேட்கவில்லை. எடுத்தேன், பொத்தான்களுக்கும் ஏரியலுக்கும் ஓட்டை போட்டேன். மறுநாளிலிருந்து என் சாப்பாடு தூக்குவாளியில் வந்தது.

அவள் அனுமந்தன்பட்டிக்காரி. விவசாயக் குடும்பம். மாடு, கன்று, அத்தை, சித்தப்பா என்று எப்போதும் யாராவது வந்துபோய்க்கொண்டிருக்கும் வீட்டிலிருந்து, தேனியில் ஒரு லைன் வீட்டின் இரண்டு அறைக்கு வந்தவள். தெருவில் அவளுக்கு ஒருவரையும் தெரியாது. காலையில் என் முதுகைத்தான் பார்ப்பாள். மேஜையோரத்தில் காபி டம்ளர் வைக்கிற சத்தம் கேட்கும். நான் திரும்பும்போது ஆள் இருக்கமாட்டாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போயிருப்பாளோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஒருமுறை, "இது என்னது?" என்று ஒரு ரிலேயைக் காட்டிக் கேட்டாள். நான் பற்றவைப்பதில் இருந்தேன். "சொன்னாப் புரியாது, கையை எடு" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்டதில்லை.

வண்டி முதலில் பேயாட்டம் ஆடியது. மோட்டார் சுற்ற ஆரம்பித்ததும் அதற்குள் உரசும் கார்பன் பிரஷ்ஷில் பறக்கிற பொறி ரிசீவருக்குள் புகுந்துவிடும். தன் மோட்டார் போடுகிற இரைச்சலில், வெளியிலிருந்து வருகிற சிக்னல் ரிசீவரின் காதில் விழாது. நான் நிறுத்தச் சொன்னால் அது சுவரில் முட்டும். மோட்டாரின் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு கப்பாசிட்டரைப் பற்றவைத்தால் சரியாகும் என்று பிடிபட ஒரு மாதம் ஆனது. அது சரியான அன்று லாரி அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய், நின்று, பின்னால் வந்தது. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. யாரிடம் கத்துவது? மில்லில் சொன்னால் கேலி செய்வார்கள். தேனியிலேயே என்னைப்போல் தனியாள் கிடையாது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுப்படியில் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பத்தடி தூரம். கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தெருவில் விஷயம் பரவிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா குழாயடியில் வைத்து, "என்னத்தா, பிள்ளைக்கு முன்னாலயே வண்டி வந்துருச்சாக்கும்?" என்று அவளைக் கேட்டிருக்கிறாள். இதுகூட எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். குழந்தை இல்லாத வீட்டில் ஒரு பொம்மை லாரி நடுக்கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். கப்பாசிட்டரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. அன்று மில்லில் இயந்திரங்களை நிறுத்தி, கழுவித் துடைத்து, ஒவ்வொரு மோட்டாருக்கும் சுவிட்ச் போர்டுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். சாயங்காலம் தொழிலாளிகள் குடும்பத்தோடு வருவார்கள். அதற்கு முந்தைய வருடம் அவளையும் கூட்டிப்போயிருந்தேன். வரிசையாகப் பொட்டு வைத்த மோட்டார்களை வாய்பிளந்து பார்த்தாள். இந்த வருடம் சாயங்காலம் என் லாரியைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டச் சொல்லியிருந்தார் மேனேஜர். காலையில் மில் பூஜையை முடித்துவிட்டு, லாரியை எடுக்க மத்தியானம் வீட்டுக்கு வந்தேன்.

கூடத்தில் வாழையிலை போட்டு, பொரி, கடலை, பழம் வைத்திருந்தாள். அரிவாள்மனை, சுத்தியல், என் மல்டிமீட்டர், சால்டரிங் அயன், நடுவில் லாரி. இரண்டு பக்கமும் சின்ன வாழைக்கன்று. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். குளித்துத் தலைமுடியைத் துவட்டாமல் நின்றிருந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை, பிற்பாடுதான் நினைவில் பார்த்தேன். சுவரிலிருந்த கடிகாரத்தைத்தான் பார்த்தேன்.

"பூசை போட்டாச்சு. இன்னைக்குத் தொடக்கூடாதுல்ல? நாளைக்கு எடுத்துக்கங்க" என்றாள்.

"மேனேஜர் கேட்டிருக்காக" என்று சொல்லிக்கொண்டே லாரியின் சுவிட்சைப் போட்டேன்.

முன்னால் போகும் ரிலேயும் பின்னால் வரும் ரிலேயும் ஒன்றாக 'டக்' என்றன. அது நடக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்து இழுத்தால் பேட்டரி நேராக ஷார்ட். ஒரு நொடியில் புகை. மோட்டாருக்குப் போகும் ஒயரின் பிளாஸ்டிக் உருகி, நான் நூலில் கட்டி அழகுபார்த்த கட்டு முழுக்கக் கருகியது. பேட்டரி ஒயரைப் பிடுங்குவதற்குள் விரலில் சுட்டுக்கொண்டேன். குனிந்து போர்டைப் பார்த்தேன். ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும், ஒவ்வொரு கப்பாசிட்டருக்கும், ரிலேக்களுக்கும், கிரிஸ்டலுக்கும், ஒன்று விடாமல் ஈரச் சந்தனத்தில் கடுகளவு பொட்டு. அதன்மேல் ஊசிமுனை அளவுக்குக் குங்குமம். மேலே மஞ்சள் தண்ணீர் வேறு தெளித்திருந்தாள். ஈரச் சந்தனம் வழிந்து ஒரு சாமானின் கம்பிக்காலையும் அடுத்ததன் கம்பிக்காலையும் இணைத்து, போகக் கூடாத இடத்துக்கு மின்சாரத்தைக் கொண்டுபோயிருந்தது.

நான் கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். "எதுக்குடி இத்தனை இடத்துல பூசுன? யார் உன்னையத் தொடச் சொன்னது?"

அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். "எது இஞ்சினுன்னு எனக்குத் தெரியலை. கேட்டாக் கோவிப்பீக. அதான் எல்லாத்துக்கும் வச்சேன்" என்றாள்.

அவ்வளவு கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு இல்லை அது. அதைவிட அவளை ஓர் அடி அடித்திருக்கலாம்.

சாயங்காலம் மில்லுக்கு வெறும் ஆளாகப் போய் நின்றேன். லாரி எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள். அவமானமாக இருந்தது. அதை மறைக்க அவள் சொன்னதைக் கதையாக்கினேன். அவள் குரலிலேயே, "எது இஞ்சினுன்னு தெரியலை, அதான் எல்லாத்துக்கும் வச்சேன்" என்று நடித்துக் காட்டினேன். சிரித்துப் புரண்டார்கள். ஒருவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். கூட்டத்தில் அப்படி ஒரு கவனிப்பு எனக்கு அதுவரை கிடைத்ததே இல்லை.

ஒன்றை மட்டும் அங்கே சொல்லவில்லை. லாரியில் நான் ஃபியூஸ் போடவில்லை. பேட்டரியிலிருந்து புறப்படும் சிவப்பு ஒயரில் ஒரு ஃபியூஸ் இருந்திருந்தால் அது மட்டும் போயிருக்கும், வேறு ஒன்றும் கருகியிருக்காது. மில்லில் ஃபியூஸ் இல்லாமல் எவனாவது லைன் கொடுத்தால் அவனை நாலு பேர் முன்னால் கிழிகிழியென்று கிழிப்பவன் நான். சொந்த வண்டியில், நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம், நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று மூன்று மாதம் ஓட்டியிருந்தேன். போதாததற்கு, அவள் சொன்னபடி ஒரு நாள் தொடாமல் விட்டிருந்தால் சந்தனம் காய்ந்திருக்கும். பிரஷ்ஷால் தட்டினால் உதிர்ந்திருக்கும்.

அந்த மில்லில் பாதிப் பேர் எங்கள் தெருப்பக்கம்தான். ஒரு வாரம்கூட ஆகவில்லை. குழாயடியில் நாலைந்து பேர் நிற்கும்போது பக்கத்து வீட்டு அக்கா, "என்னத்தா, எது இஞ்சினுன்னு இப்பவாச்சும் தெரிஞ்சதா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அவள் குடத்தை நிரப்பாமலே வீட்டுக்கு வந்தாள். நான் மேஜையில் கருகிய ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"மில்லுல போயி சொன்னீகளா?" என்றாள்.

"சும்மா ஒரு தமாசுக்கு."

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை, சண்டை போடவில்லை. வழக்கம்போல் உலை வைத்தாள். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் அவள் அப்பா வந்து அழைத்துப்போனார். நானும் தீபாவளிக்குப் போய் ஒரு நாள் இருந்துவிட்டு வேலை இருக்கிறது என்று திரும்பினேன். அவள் பின்னாலேயே வருவாள் என்று நினைத்தேன். ஒரு வாரம் ஆனது, இரண்டு வாரம் ஆனது. மாமனாரிடமிருந்து ஒரு கார்டு வந்தது: பிள்ளைக்கு உடம்பு அசதியாக இருக்கிறது, கொஞ்ச நாள் இருக்கட்டும். அவள் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

வீடு ஒரேயடியாகச் சத்தமில்லாமல் போனது. மேஜையில் உட்கார்ந்தால் வேலை ஓடவில்லை. டம்ளர் வைக்கிற சத்தம் வருமென்று காது அதுவாக எதிர்பார்த்தது. முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் தோன்றித் திரும்புவேன். முன்பு திரும்பாதவன் இப்போது திரும்பினேன், ஆளில்லாதபோது. புது டிரான்சிஸ்டர்களும் ஒயரும் மதுரையிலிருந்து வாங்கிவந்து போர்டை முழுதாக மறுபடி கட்டினேன். முதல் வேலையாக ஃபியூஸ் போட்டேன். கழற்றிய பழைய ரிலேயின் தலையில் காய்ந்த பொட்டு அப்படியே இருந்தது. சுரண்ட மனம் வராமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன பொறுமை அவளுக்கு. ஒரு தீக்குச்சியால்தான் வைத்திருக்க வேண்டும். நான் பற்றவைப்பதைவிட நுணுக்கமான கை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

வண்டி தயாரானதும் ஒரு சிக்கல். டிரான்ஸ்மிட்டர் எவ்வளவு தூரத்துக்கு எட்டுகிறது என்று பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வண்டியோடு நிற்க வேண்டும், இன்னொருவர் பெட்டியோடு தள்ளித் தள்ளிப் போய் அழுத்திப் பார்க்க வேண்டும். எனக்கு அந்த இன்னொருவர் இல்லை. நியாயமாக நான் பஸ் ஏறிப் போய், "தப்பு என்னுடையது, வீட்டுக்கு வா" என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குத் துணிச்சல் இல்லை. லாரியை ஓட்டிப் பார்க்கத் திறந்த இடம் வேண்டும், மாமனார் ஊரில் வாய்க்கால் ஓரம் நீளமாக வண்டிப்பாதை இருக்கிறது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லாரியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

"வாங்க மாப்ள, எப்ப வந்தீக?" என்றார் மாமனார். சாக்கைப் பார்த்தார். உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்ததும் அவர் முகம் சுருங்கியது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

அவள் காபி கொண்டுவந்தாள். இளைத்திருந்தாள். நான் பேசப்போனது ஒன்று, வாயில் வந்தது வேறு.

"தூரம் பாக்கணும். இதைப் பிடிச்சுக்கிட்டு நடக்க ஒரு ஆளு வேணும்."

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

வாய்க்கால் ஓரத்துப் பாதையில் லாரியை இறக்கினேன். ஒவ்வொரு பத்து எட்டு வைத்ததும் திரும்பி நின்று பொத்தானை அழுத்த வேண்டும், வண்டி அசைந்தால் நான் துண்டைத் தூக்கிக் காட்டுவேன், அசையாவிட்டால் இரண்டு கையையும் ஆட்டுவேன், அப்போது திரும்பி வந்துவிட வேண்டும் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டு நடந்தாள். பத்து எட்டு, வண்டி அசைந்தது, துண்டு. இருபது, துண்டு. அறுபது, துண்டு. வயல் காற்றில் அவள் சேலை ஒரு பக்கமாக அடித்தது. திரும்பி நின்று ஏரியலைத் தூக்கிப் பிடித்து, சொன்னது சொன்னபடி அழுத்தினாள். தூரம் போகப்போக அவள் சின்னதாகிக்கொண்டே வந்தாள். அவள்மேலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. எடுத்தால் எந்த எட்டில் நிற்கிறாள் என்பது தெரியாமல் போய்விடும்.

நூற்று நாற்பதில் வண்டி அசையவில்லை. இரண்டு கையையும் ஆட்டினேன்.

அவள் வரவில்லை. திரும்பி, இன்னும் பத்து எட்டு நடந்து நின்றாள். மறுபடி கையை ஆட்டினேன். இன்னும் பத்து. எனக்குப் பயமாகிவிட்டது. லாரியை அப்படியே பாதையில் விட்டுவிட்டு ஓடினேன். மூச்சு வாங்கப் போய் அவள் முன்னால் நின்றேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"ஃபியூஸ் போடாதது நான்" என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. "உம்மேல தப்பு இல்ல. வண்டி கருகுனதுக்கும் நாந்தான். மில்லுல போயி அப்படிச் சொன்னதும்…"

"இம்புட்டுத் தூரம் வந்து நின்னாத்தான் என்னையப் பாக்கணும்னு தோணுதா உங்களுக்கு?" என்றாள். குரல் கலங்கவில்லை.

வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மூன்று வருடத்தில் அவள் என்னைக் கேட்ட கேள்விகளை எண்ணினால் ஒரு கை விரல் போதும். அதில் ஒன்றுக்குக்கூட நான் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. இதற்காவது பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தேன்.

"ஆமா" என்றேன்.

அவள் பெட்டியை என் கையில் கொடுத்தாள். ஏரியலை மடக்கிவிட்டுத்தான் கொடுத்தாள்.

"இன்னைக்கு நான் வரலை. அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க. வண்டி இல்லாம வாங்க. அப்பவும் பேசுறதுக்கு எதுனாச்சும் இருந்தா வர்றேன்."

தேனி வீட்டுக்கு வந்ததும் லாரியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அந்த ஒரு வாரம் முழுக்க, மோட்டார்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, அவளிடம் என்ன பேசுவது என்று யோசித்தேன். எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வெறுங்கையோடு அனுமந்தன்பட்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு கையையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.